பேறுகால வலியும் பிறப்பின் படிநிலையும்

(காலாப்பட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



சமூக அறிவியல் மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் ஒரே அரங்கில் உட்காரப்போகிறார்கள் என்று அழைப்பின்போதே சொன்னார்கள். அதனால்தான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகமும் ஒரு மருத்துவக் கல்லூரியும் மீனவக் குப்பங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் காலாப்பட்டு. சற்று வடக்கே போனால் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும். இரு பக்கத்துப் பெண்களும் புதுச்சேரி மருத்துவமனைகளை நம்பித்தான் பிள்ளை பெறுகிறார்கள். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. தாய்மார் சாவைக் குறைத்ததில் நாம் நாட்டுக்கே முன்னோடி. அதை மனதாரப் பாராட்டிவிட்டுத்தான் இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன். உயிரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட அமைப்பு, வலியை மட்டும் ஏன் இன்னும் கண்டுகொள்ளவில்லை?

என் வாதம் இதுதான். மருத்துவமனையில் ஒரு பெண்ணின் வலி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே அவள் யார் என்று பார்த்துவிடுகிறார்கள். மருந்து கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. மேலை நாடுகளில் அந்தத் தீர்ப்பை இனம் எழுதுகிறது. நம் ஊரில் சாதியும் வறுமையும் சேர்ந்து எழுதுகின்றன.

1. யாருக்கு மயக்க மருந்து?

1845 முதல் 1849 வரை, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்கள் மீது அறுவை சிகிச்சை செய்து பழகினார். பிரசவம் நாள்கணக்கில் நீண்டதால் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புப் பாதைக்கும் நடுவே ஓட்டை விழுந்து, ஓயாமல் சிறுநீர் கசிந்துகொண்டிருந்த பெண்கள் அவர்கள். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூவரின் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் ஏறத்தாழ 30 முறை அறுவை நடந்தது. ஒருமுறைகூட மயக்க மருந்து தரப்படவில்லை. அந்த அறுவை அவ்வளவு வலிக்காது என்று சிம்ஸ் பிற்பாடு வாதிட்டார்.

அதே ஆண்டுகளில் வேறு இடங்களில் என்ன நடந்தது? 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் மயக்கம் பலர் முன்னிலையில் செய்து காட்டப்பட்டது. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம் கொடுத்தார். 1853இல் விக்டோரியா மகாராணியின் எட்டாவது பிரசவத்துக்கு ஜான் ஸ்னோ அதே குளோரோஃபார்மைக் கொடுத்தார். பத்தாண்டுகூட இடைவெளி இல்லை. ஒருத்தி அரசி, மற்றவள் அடிமை.

சிம்ஸின் சிலையை 2018 ஏப்ரலில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் காலத்து நம்பிக்கை போகவில்லை. 2016இல் வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் வெள்ளையின மருத்துவ மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களுமாக 222 பேரிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது, நரம்பு முனைகள் உணர்ச்சி குறைந்தவை என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது ஏறத்தாழ பாதிப் பேர் ஏற்றுக்கொண்டார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அவருக்கான சிகிச்சையையும் சரியாகச் சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் உண்டு. நமக்கு உறவுள்ள பிரான்சில் அதற்கு 'மத்தியதரைக்கடல் நோய்' என்று மருத்துவமனை வழக்கில் ஒரு பெயரே இருக்கிறது. வடஆப்பிரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் வலியை ஊதிப் பெருக்குவார்கள் என்பது அந்த நம்பிக்கை. 2017 டிசம்பரில் ஸ்ட்ராஸ்பூர் நகரில் நவோமி முசெங்கா என்ற 22 வயது இளம் தாய் தாங்க முடியாத வயிற்றுவலியோடு அவசர உதவிக்கு அழைத்தார். தொலைபேசியை எடுத்தவர் ஏளனமாகப் பேசி அழைப்பைத் தட்டிக்கழித்தார். சில மணி நேரத்தில் நவோமி இறந்துபோனார்.

ஒருத்திக்கு வலிக்காது என்கிறார்கள், இன்னொருத்தி நடிக்கிறாள் என்கிறார்கள். இரண்டுமே வந்து சேரும் இடம் ஒன்றுதான்: மருந்து இல்லை.

பிரான்சைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிரசவத்துக்கு முதுகில் போடும் எபிடியூரல் ஊசியின் செலவை 1994 முதல் அந்நாட்டுச் சமூகக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. இயல்பாகப் பிள்ளை பெறும் பெண்களில் ஐந்தில் நால்வர் அளவுக்கு இன்று அதைப் பெறுகிறார்கள். நம் புதுச்சேரியில் 'சொல்தா' வீடுகள், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் வீடுகள், உள்ள தெருக்களில் இந்த வேறுபாடு குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. பாரீஸில் பிள்ளை பெற்ற அக்காளும் இங்கே பெற்ற தங்கையும் உட்கார்ந்து பேசினால், இருவரும் ஒரே நிகழ்வைச் சொல்வதாகவே தோன்றாது.

2. ஊரா, காலனியா?

சாதியை இனத்தோடு சேர்த்துப் பேசலாமா என்று இந்த அரங்கிலேயே சிலர் கேட்கக்கூடும். பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று ஐக்கிய நாடுகள் அவையின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002இல் தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில் சொல்லிவிட்டது. அந்த விவாதத்தை அங்கேயே விட்டுவிட்டு, நம் மருத்துவமனைகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

1885இல் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. மேரி ஷார்லிப் என்ற மருத்துவரின் முயற்சி அது. சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா (திரைமறைவில் வாழும்) பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை என்பது அதன் பெயர். எழும்பூரில் ஒரு பிரசவ மருத்துவமனை 1844 முதலே இருந்தது. எல்லாரும் வந்துபோகும் அந்த இடத்துக்கு வர மறுத்தவர்களுக்காக இன்னொன்று கட்டினார்கள். திருவல்லிக்கேணியில் இன்றைக்கு அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக எல்லாப் பெண்களுக்கும் பணி செய்வது அதுவேதான். நவீன மகப்பேறு மருத்துவம் நம்மிடம் வந்தபோதே சாதியைப் பெயர்ப்பலகையில் ஏந்தி வந்தது என்பதை மருத்துவ மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது பெயர்ப்பலகையில் சாதி இல்லை. ஆனால் முகவரியில் இருக்கிறது. பெயர் பதியும் இடத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் "ஊரா, காலனியா?" என்று அடுத்த கேள்வி வருகிறது. மீனவப் பெண் என்றால் குப்பத்தின் பெயரே போதும். அதன்பின் நடப்பதைக் கடலோரக் கிராமங்களிலும் அவற்றை ஒட்டிய காலனிகளிலும் பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சொன்னார்கள். வலியில் கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால், "வேலை செய்யற உடம்பு, இவளுக்கெல்லாம் டக்குன்னு ஆயிடும்" என்று விட்டுவிடுவார்களாம். கத்தினால், "சும்மா நடிக்காத, வாயை மூடு." இன்னும் கொஞ்சம் கத்தினால் அடுத்து வருவது, "புருஷன்கிட்ட படுக்கறப்ப இனிச்சுதா? இப்ப மட்டும் கத்தற?"

இந்தக் கடைசி வாக்கியத்தை அவையில் சொல்வது சரியா என்று யோசித்தேன். பிள்ளை பெற்ற பெண்களிடம் கேட்டுப்பாருங்கள், இதைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் ஏழைகளும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே அதிகம். கார் வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரண்டு தனித்தனி நம்பிக்கைகளாக இருப்பவை இங்கே ஒரே பெண்ணின் தலையில் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன என்பதைக் கவனியுங்கள். அமைதியாக இருந்தால் அவளுக்கு வலி இல்லை, கத்தினால் அவளுக்கு ஒழுக்கம் இல்லை. வலியைச் சொல்ல அவளுக்கு வழியே வைக்கவில்லை.

உழைக்கும் பெண்ணுக்குப் பிரசவம் எளிது என்ற எண்ணத்தை நம் செவிலியர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. காலனிய மருத்துவர்கள் 'நாகரிகம் எட்டாத' பெண்களைப் பற்றி எழுதியதும் இதுதான். இயற்கைப் பிரசவ இயக்கத்தின் முன்னோடியாகக் கொண்டாடப்படும் கிராண்ட்லி டிக்-ரீட் சொன்னதும் இதன் இன்னொரு வடிவமே. செவிலியர்கள் மீது முழுப் பழியையும் போட எனக்கு விருப்பமில்லை. ஒரே இரவில் பல பிரசவங்களை ஒருவராகப் பார்க்கிறவர்கள் அவர்கள். அவர்களிலும் பலர் அதே காலனிகளிலிருந்து படித்து மேலே வந்தவர்கள். தங்களைக் கீழே வைத்த அமைப்பின் மொழியைத்தான் அந்த அறையில் அவர்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

3. வலியைக் கூட்டும் ஊசியும் குறைக்கும் ஊசியும்

மானிடவியலாளர் செசிலியா வான் ஹோலன் 1990களில் தமிழ்நாட்டில் கள ஆய்வு செய்து, தென்னிந்தியப் பிரசவங்களைப் பற்றி 2003இல் ஒரு நூல் வெளியிட்டார். நம் மருத்துவக் கல்லூரிகளில் படிக்க வேண்டிய நூல் அது. பிரசவத்தை விரைவுபடுத்தும் ஆக்ஸிடோசின் இங்கே தாராளமாகக் கொடுக்கப்படுவதையும், வலியைக் குறைக்கும் மருந்து அரிதாகவே கொடுக்கப்படுவதையும் அவர் பதிவு செய்தார். நம் பெண்கள் ஆக்ஸிடோசினை 'வலி ஊசி' என்பார்கள். மருந்தால் முடுக்கிய வலி, தானாக வரும் வலியைவிடக் கடுமையாகவும் இடைவெளி குறைந்தும் வரக்கூடும். அதைக் கொடுத்தால் கூடவே நிவாரணமும் கொடுக்க வேண்டும் என்பதுதான் நியாயம். நடைமுறையில் கட்டில் சீக்கிரம் காலியாக வேண்டும் என்பதற்காக முதல் ஊசி வருகிறது, இரண்டாவது வருவதில்லை.

சில பெண்களே வலி ஊசியைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. வலி வந்தால்தான் சக்தி, தாங்கினால்தான் தாய் என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். "நான் வயல்ல பெத்துட்டு வந்து சோறாக்கினேன்" என்று சொல்லும் மாமியார் பொய் சொல்லவில்லை. வலி நிவாரணம் வேண்டாம் என்று ஒரு பெண் முடிவெடுத்தால் அது அவள் உரிமை. கேட்காமலே இல்லை என்பதை உரிமை என்று சொல்ல முடியாது. நகரத்துத் தனியார் மருத்துவமனைகள் 'வலியில்லாப் பிரசவம்' என்று விளம்பரம் செய்து எபிடியூரலுக்குத் தனிக் கட்டணம் வாங்குகின்றன. அங்கே தாங்கினால்தான் தாய் என்று யாரும் வகுப்பெடுப்பதில்லை.

தையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எபிடியூரலுக்கு மயக்கவியல் மருத்துவர் வேண்டும், கருவி வேண்டும், கண்காணிப்பு வேண்டும் என்பதெல்லாம் உண்மை. தையலுக்கு அப்படி ஒன்றும் வேண்டாம். பிள்ளை வெளிவரும்போது வெட்டிவிட்ட இடத்தையோ கிழிந்த இடத்தையோ தைக்க லிக்னோகெய்ன் என்ற மரப்பு ஊசி போதும். மிக மலிவான மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருப்பது, நம் நாட்டின் பட்டியலிலும் இருப்பது. போட்டபின் மரத்துப்போக இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தைத்தான் இந்தப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை. ஊசி போட்ட கையோடு தைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சில இடங்களில் ஊசியே இல்லை. "பிள்ளை பெத்த வலி மறந்துபோச்சு, தைச்ச வலி மறக்கல" என்று ஒரு மீனவப் பெண் சொன்னார். கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே பழகியவர். தையல் பிரிந்து புரையோடி, மறுபடி உட்கார்ந்து மீன் விற்க அவருக்கு வெகுநாள் ஆகியிருக்கிறது. எல்லாருக்கும் வழக்கமாக வெட்டுவது கூடாது, பிள்ளை வெளிவர வயிற்றை அழுத்துவது கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவருக்கு இரண்டும் நடந்திருக்கின்றன.

4. முகாம்

வலிக்கு மருந்து மறுப்பது பிரசவத்தோடு முடிவதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் மணமானோரில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்கள் 0.3 விழுக்காடு. ஆண்களுக்கான அறுவை எளியது, வலி குறைந்தது. குடும்பக் கட்டுப்பாட்டின் முழு வலியையும் பெண்ணின் உடலில் ஏற்றிவைத்த நாடு இது. எந்தப் பெண்ணின் உடல் என்பதை மூன்று ஊர்கள் காட்டுகின்றன.

2012 ஜனவரி 7ஆம் நாள், பீகாரின் அராரியா மாவட்டத்தில் கபர்ஃபோரா என்ற ஊரின் அரசுப் பள்ளியில், இரவில் டார்ச் வெளிச்சத்தில் 53 பெண்களுக்கு இரண்டு மணி நேரத்தில் கருத்தடை அறுவை செய்தார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்து முகாமில் ஒரே அறுவை மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார். ஒரு நாளைக்கு 30 என்பதுதான் அரசே வகுத்த உச்ச வரம்பு. அந்த முகாமையும் அடுத்து நடந்த முகாமையும் சேர்த்து 13 பெண்கள் இறந்தார்கள். செயற்பாட்டாளர் தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களுக்கு முடிவு கட்டச் சொன்னது. தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் கழிந்து, 2022 நவம்பரில், பீகாரின் ககரியா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள், மரப்பு ஊசி இல்லாமலே தங்களை அறுத்ததாகப் புகார் சொன்னார்கள். வலியில் துடித்தவரின் கைகால்களைப் பிடித்துக்கொண்டதாக அவர்களில் ஒருவர் செய்தியாளர்களிடம் கூறினார்.

இந்த முகாம்களுக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் தலித்துகள், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர். வசதியுள்ள எந்த வீட்டுப் பெண்ணையும் பள்ளி மேசையில் படுக்கவைத்து அறுக்க எந்த அலுவலரும் துணியமாட்டார். மருந்துக் குறைபாடு என்று இதற்குக் காரணம் சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

5. மாத்திரை கிடைக்கும் இடம்

வலி நிவாரணம் ஏழைப் பெண்ணுக்குக் கேட்காமலே கிடைத்த ஓர் இடமும் உண்டு. தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசி, 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் மேற்பார்வையாளரே பெயரில்லாத மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். என்ன மருந்து, என்ன பக்கவிளைவு என்று யாரும் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்தபோது அவை வலி மாத்திரைகள் என்று தெரிந்தது. நெடுநாள் விழுங்கிய பெண்கள் பலவித உடல்நலக் கேடுகளைச் சொன்னார்கள்.

இவர்களும் அதே காலனிகளிலிருந்து போகும் பெண்கள்தான். அந்த வலி உடனே நம்பப்பட்டது; உடனே மருந்தும் வந்தது. தையல் எந்திரம் நிற்கக் கூடாது. அவளுக்கு ஓய்வோ மருத்துவரோ கிடைக்கவில்லை. பிரசவ அறையில் அவள் வலிக்கு மருந்து இல்லாததும் ஆலையில் இருந்ததும் ஒரே கணக்கின் இரு வரிகள்: அவள் வலியால் யாருக்கு நட்டம் என்ற கணக்கு.

6. ஒரு தாள்

மருத்துவ மாணவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு தாளைப் பற்றிப் பேசி முடிக்கிறேன். பார்ட்டோகிராஃப். ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் அன்றைய ரொடீசியாவில் ஆப்பிரிக்கப் பெண்களிடையே பணியாற்றி, 1972இல் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். பிரசவம் நீண்டு தாய் சாவதைத் தடுக்க வந்த தாள். எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. அதை விரித்துப் பாருங்கள். குழந்தையின் இதயத் துடிப்புக்கு இடம் உண்டு. பனிக்குட நீரின் நிறம், கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, ஆக்ஸிடோசின் எத்தனை சொட்டு, தாயின் நாடி, ரத்த அழுத்தம், வெப்பம், சிறுநீர் என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பத்து நிமிடத்தில் கருப்பை எத்தனை முறை இறுகியது என்பதைக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். 20 விநாடிக்குக் குறைவென்றால் புள்ளிகள், 40 வரை சாய்கோடுகள், அதற்கு மேல் முழுக் கறுப்பு. அவளுக்கு எவ்வளவு வலிக்கிறது, அதற்கு என்ன செய்தோம் என்று எழுத மட்டும் ஒரு கட்டமும் கிடையாது.

2020இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மாற்றாக வேறொரு தாளைக் கொண்டுவந்தது. உடன் ஆள் இருக்கிறாரா, வலி நிவாரணம் தரப்பட்டதா, குடிக்கக் கொடுத்தார்களா, எந்த நிலையில் இருக்கிறாள் என்ற நான்கு வரிகள் குழந்தையின் இதயத் துடிப்புக்கும் மேலே வருகின்றன. முதல் மூன்று வரிகளுக்கும் ஆம், இல்லை, அவளே வேண்டாம் என்றாள் என்று மூன்று விடைகள். 'இல்லை' என்று எழுதினால் அது எச்சரிக்கை. வட்டமிட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று கீழே எழுத வேண்டும். வலியை மருத்துவர் பதில் சொல்ல வேண்டிய பொருளாக ஆக்கிய வரி அது.

போதிய மயக்கவியல் மருத்துவர்கள் இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் ஆக்ஸிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் பாதிக்குப் பாதி கலந்த வாயுவை மைக்கேல் டன்ஸ்டல் 1961லேயே அறிமுகப்படுத்தினார். பிரிட்டனில் மருத்துவச்சிகளே அதைக் கொடுக்கிறார்கள். முகமூடியைப் பெண்ணே தன் கையில் பிடித்துக்கொள்கிறாள். உடன் ஓர் ஆள் இருந்தாலே பிரசவ நேரமும் மருந்தின் தேவையும் குறையும் என்பதும் நிறுவப்பட்ட செய்தி. தமிழ்நாடு 2004லேயே பிரசவத் துணைக்கு அனுமதி கொடுத்தது. நடுவண் அரசு 2016இல் கொடுத்தது. பல இடங்களில் இன்றும் அந்தத் துணை கதவுக்கு வெளியேதான் நிற்கிறார். லிக்னோகெய்ன் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க எந்தச் சிறப்பு மருத்துவரும் தேவையில்லை.

எது யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை நாம் எண்ணியே ஆக வேண்டும். இந்தியாவில் தாய்மார் சாவைத் தணிக்கை செய்கிறோம். தாய்மார் வலியைச் செய்வதில்லை. பிரிட்டனில் இன வாரியாகக் கணக்கெடுத்ததால்தான், பேறுகாலத்தில் இறக்கும் வாய்ப்பு வெள்ளையினத்தவரைவிட ஆசியப் பெண்களுக்கு ஏறக்குறைய இருமடங்கு என்பது வெளியே வந்தது. அங்கே பிள்ளை பெறும் நம் தமிழ்ப் பெண்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். இங்கே சாதி வாரியாக யார் கணக்கெடுப்பது? சமூகவியல் துறையும் மருத்துவக் கல்லூரியும் ஒரே சாலையில் இருக்கும் காலாப்பட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பிள்ளை பெற்று வீடு திரும்பிய பெண்களிடம், மருத்துவமனைக்கு வெளியே, அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதற்கான ஒரு கேள்வித்தாளை வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். சமூகவியல் மாணவர் ஒருவரும் பயிற்சி மருத்துவர் ஒருவரும் சேர்ந்தே போக வேண்டும். முதல் கேள்வி, தைப்பதற்கு முன் மரப்பு ஊசி போட்டார்களா, போட்டபின் எவ்வளவு நேரம் விட்டுத் தைத்தார்கள் என்பது. சாதியும் ஊரும் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. படிகள் மேசைமேல் உள்ளன, எடுத்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள்.